பழைய மாஸி 35-க்கு எந்த எஞ்சின் ஆயில்? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்

டெல்டா உழவன்:

வணக்கம். எங்கள் வீட்டில் தாத்தா காலத்து மாஸி பெர்குசன் 35 ஒன்று இருக்கிறது. மூன்று சிலிண்டர், எஞ்சின் தகட்டில் பெர்கின்ஸ் 3ஏ.152 என்று அடித்திருக்கிறது. மன்னார்குடி பக்கம் சித்தப்பா கொட்டகையில் பல வருடம் சும்மா நின்றதை எடுத்து வந்து பேட்டரி, டயர், நாசில், டேங்க் எல்லாம் பார்த்து ஓட வைத்தாகிவிட்டது. எஞ்சினைப் பிரிக்கவில்லை. முதல் செல்ஃபிலேயே பிடிக்கிறது, புகையும் பெரிதாக இல்லை. இதைக் கடின வேலைக்கு விடப்போவதில்லை. வீட்டு வயலில் கொஞ்சம் புழுதி உழவு, வைக்கோல் டிரெய்லர், அவ்வளவுதான். மேட்டூர் திறந்து சேற்று உழவு தொடங்கினால் அதற்கு வேறு வண்டி இருக்கிறது.

சந்தேகம் ஆயில் பற்றி. இப்போது உள்ளே இருப்பது என்ன ஆயில் என்று யாருக்கும் தெரியவில்லை. நல்ல கறுப்பு, விரலில் தொட்டுத் தேய்த்தால் வழவழப்பே இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பிரஷர் 45 காட்டுகிறது. அரை மணி நேரம் உழுத பிறகு ஆக்சிலேட்டரை முழுதாக வைத்தாலும் 20 தாண்டுவதில்லை, ஐடிலில் முள் படுத்துவிடுகிறது.

மெக்கானிக், "40 நம்பர் ஊற்று, பத்தாவிட்டால் ஒரு லிட்டர் 90 கியர் ஆயில் கலந்துவிடு, முள் எழுந்து நிற்கும்" என்கிறார். கடையில் கேட்டால் சிஐ-4 (தரம்) 15டபிள்யூ-40 (கெட்டித்தன்மை) தவிர வேறு எதையும் எடுத்துக் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். மச்சான் வெளிநாட்டு வீடியோ பார்க்கிற ஆள், அவன் புது ஆயிலில் இருக்கும் டிடர்ஜென்ட் பழைய எஞ்சினுக்கு விஷம், டிடர்ஜென்ட் இல்லாத ஆயில்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். ஊரில் ஒருவர் சிந்தெடிக் ஊற்றினால் பிரச்சினையே வராது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? விலை பெரிய விஷயம் இல்லை, எஞ்சின் கெடக்கூடாது.

பழைய இரும்பு:

தம்பி, நல்ல எஞ்சின் கையில் இருக்கிறது, பயப்படாதீர்கள். இதற்கு முந்தி இதே 35-இல் வந்த நான்கு சிலிண்டர் ஸ்டாண்டர்டு டீசல் எஞ்சினை குளிர்காலத்தில் ஸ்டார்ட் செய்வதற்குள் இங்கிலாந்து விவசாயிகளுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். 1959-இல் மாஸி பெர்குசன் பெர்கின்ஸ் கம்பெனியையே வாங்கி இந்த மூன்று சிலிண்டரைப் போட்ட பிறகுதான் வண்டிக்குப் பெயர் வந்தது.

கேள்விக்கு நேரடிப் பதில்: நம் ஊர் வெயிலுக்கு 15டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-40 டீசல் எஞ்சின் ஆயில், சிஎஃப்-4, சிஎச்-4, சிஐ-4 இதில் எது கிடைத்தாலும் சரி. சர்வோ, மேக், காஸ்ட்ரால், வீடால் என்று பிராண்டில் சண்டை போட வேண்டாம், எல்லாமே அந்தத் தரத்துக்குள் வருபவை. பில் கொடுக்கும் இடத்தில் வாங்குங்கள், மூடி சீல் பாருங்கள், காலி டப்பாவில் ஊற்றி விற்கும் சரக்கு நிறையப் புழங்குகிறது. எந்த ஆயில் என்று ஆராய்வதில் போகும் நேரத்தில் பாதி, அது உண்மையான ஆயில்தானா என்று பார்ப்பதில் போகட்டும்.

பெர்கின்ஸ் அன்று கேட்டது 27 டிகிரிக்கு மேல் வெப்பம் இருக்கும் இடத்தில் எஸ்ஏஇ 30. தரம் என்று பார்த்தால் அமெரிக்க ராணுவத்தின் மில்-எல்-2104ஏ. இன்றைய கணக்கில் அது சிஏ, சிபி என்ற முதல் படிகள். இந்தத் தரங்களை வகுக்கும் அமெரிக்கப் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட் (ஏபிஐ) தன் அட்டவணையிலேயே சிஏ ஆயில் 1959-க்குப் பிறகு வந்த பெரும்பாலான டீசல் எஞ்சின்களுக்குப் பொருந்தாது என்று எழுதி வைத்திருக்கிறது, சிபி-க்கு 1961. நீங்கள் இன்று கடையில் வாங்கும் மலிவான டீசல் ஆயில்கூட உங்கள் தாத்தா ஊற்றியதைவிடப் பல படி மேல்.

மச்சான் சொல்லும் டிடர்ஜென்ட் கதையில் ஒரு துளி உண்மை உண்டு. டிடர்ஜென்ட் இல்லாத ஆயிலில் பல வருடம் ஓடிய எஞ்சினில் கீழே சேறு மாதிரி கசடு படிந்திருக்கும். புது ஆயில் அதைக் கிளப்பினால் சம்ப் (எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) ஸ்ட்ரெய்னர் வலையில் போய் அடைக்கலாம். அதற்குத் தீர்வு ஆயில் சம்பைக் கழற்றிச் சுரண்டிக் கழுவுவது. டிடர்ஜென்ட் இல்லாத ஆயிலைத் தேடி அலைவது தீர்வே இல்லை. டீசல் எஞ்சினில் கரி வந்துகொண்டே இருக்கும், அதைப் பிடித்து மிதக்க வைக்க ஆயிலில் ஆள் இல்லாவிட்டால் அது ரிங் பள்ளத்தில் போய் உட்காரும். எந்தச் சேர்மானமும் இல்லாத எஸ்ஏ ரக ஆயில் 1930-க்குப் பிந்தைய பெட்ரோல் எஞ்சினுக்கே ஆகாது என்பதுதான் அதே அட்டவணையில் இருப்பது, டீசலுக்கு ஊற்றச் சொன்னால் என்ன சொல்ல.

சிந்தெடிக் கெடுதல் இல்லை, வீண் செலவு. இந்த எஞ்சினின் பின்பக்கத்தில் இருப்பது கயிறு சீல், ஆயில் எதுவானாலும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். விலை உயர்ந்த ஆயிலை கிளட்ச் ஹவுசிங் வழியாக நிலத்துக்கு ஊற்றுவானேன்.

கருப்புக்கை:

நானும் பட்டறைதான் வைத்திருக்கிறேன். இங்கே எல்லாரும் 15டபிள்யூ-40 என்று எழுதிவிட்டுப் போகிறீர்கள், தேய்ந்த எஞ்சினில் அது சூடானதும் இளகிவிடுகிறது, பிரஷர் இறங்குகிறது, நான் கண்ணால் பார்க்கிறேன். 40 நம்பர் ஒற்றை கிரேடு ஊற்றினால் மதியம் வரை பிரஷர் நிற்கும். அந்தக் காலத்தில் அதுதான் ஊற்றினோம், எந்த எஞ்சினும் சாகவில்லை. 15டபிள்யூ-40 மாதிரி மல்டிகிரேடில் கெட்டித்தன்மைக்கு ஒரு மருந்து கலக்கிறார்கள், கியருக்கும் பேரிங்குக்கும் நடுவில் நசுங்கி நசுங்கி அந்த மருந்து சில மாதத்தில் செத்துவிடுகிறது. ஒற்றை கிரேடில் அந்தப் பேச்சே இல்லை. 90 கலப்பது எனக்கும் பிடிக்காது, அதை மட்டும் செய்யாதீர்கள்.

ஆயில் லேப்:

கருப்புக்கை அண்ணன் சொல்வதில் பாதி சரி. மல்டிகிரேடில் கலக்கும் பாலிமர் ஓடஓடச் சிதைவது உண்மைதான். ஆனால் "சூடானதும் இளகிவிடுகிறது" என்பது சரியில்லை. 15டபிள்யூ-40-இல் இருக்கும் 40-ம், ஒற்றை கிரேடு 40-ம் 100 டிகிரி சூட்டில் அளக்கப்படும் ஒரே 40. இரண்டும் 12.5-இலிருந்து 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் (கெட்டித்தன்மையின் அளவு) இருந்தாக வேண்டும். வித்தியாசம் எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது மட்டும்தான்: ஒற்றை கிரேடு அப்போது அதிகக் கெட்டி, மேலே ராக்கர் வரை ஏறக் கூடுதல் நேரம் எடுக்கும். தஞ்சாவூர் குளிருக்கு அது பெரிய ஆபத்து இல்லை, ஆகவே ஒற்றை 40 ஊற்றியவர்கள் எஞ்சின் சாகவில்லை என்பதும் உண்மைதான். அண்ணனிடம் ஒற்றை கிரேடு புது டப்பாவாக, டீசல் தரம் எழுதியதாகக் கிடைத்தால் ஊற்றலாம், தவறில்லை. கூடுதல் லாபமும் இல்லை.

90 பற்றி ஒரு விஷயம், பலருக்குத் தெரியாது. கியர் ஆயிலின் 90-ம் எஞ்சின் ஆயிலின் 40-ம் ஒரே அளவுகோல் இல்லை. கியர் 90 என்பது 100 டிகிரியில் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸ், அதாவது எஞ்சின் ஆயிலில் 40-க்கும் 50-க்கும் நடுவில் எங்கோ நிற்கும். 90 என்ற எண்ணைப் பார்த்து இரண்டு மடங்கு கெட்டி என்று நினைத்துத்தான் கலக்கிறார்கள். கெட்டியும் பெரிதாகக் கூடிவிடாது, கரியைத் தாங்கும் சேர்மானமும் அதில் இருக்காது, பல் சக்கரத்துக்கான கந்தகச் சேர்மானம் மட்டும் உள்ளே போகும்.

டீசலில் கந்தகம் எவ்வளவு என்பதும் ஆயிலோடு சேர்ந்த விஷயம்தான். கந்தகம் எரிந்தால் அமிலம், அதை முறிக்க ஆயிலில் காரம் வைக்கிறார்கள், டப்பா விவரத்தில் டிபிஎன் என்று வரும். 90-களில் நம் நாட்டு டீசலில் 1 சதவீதம் வரை கந்தகம் அனுமதி. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்த பிறகு 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு), அதாவது அன்று இருந்ததில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. அதனால் இந்த எஞ்சினின் ஆயிலுக்கு இன்று இருக்கும் அமிலத் தொல்லை அன்று இருந்ததில் கால்வாசிகூட இல்லை. அதிக டிபிஎன் தேடி அலையத் தேவையில்லை, சிகே-4 கிடைத்தாலும் தாராளமாக ஊற்றலாம். எஃப்ஏ-4 என்று இருந்தால் மட்டும் தொடாதீர்கள், அது புது லாரி எஞ்சின்களுக்கான மெல்லிய ரகம்.

ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகம் குறைந்துவிட்டது, பழைய கேம்ஷாஃப்ட் தேய்ந்துவிடும் என்று அமெரிக்காக்காரர்கள் புலம்புவதை மச்சான் அடுத்து அனுப்புவார். அந்தப் புலம்பல் பெட்ரோல் கார் ஆயிலைப் பற்றியது. அதில் மெல்லிய கிரேடுகளுக்கு பாஸ்பரஸ் 800 பிபிஎம் என்று வரம்பு வைத்தார்கள், துத்தநாகமும் அதோடு சேர்ந்து குறைந்தது. டீசல் சிகே-4-க்கு வரம்பே 1200, சிஐ-4-க்கு வரம்பு கிடையாது. நிமிடத்துக்கு 2000 சொச்சம் சுற்றோடு நிற்கும் இந்த எஞ்சினுக்கு அது தாராளம். வீட்டில் மிச்சம் கிடக்கும் கார் ஆயில், பைக் ஆயில் எதையும் இதில் ஊற்றாமல் இருந்தால் போதும்.

வன்னி மசின்காரன்:

தம்பி, எங்கடை பக்கம் மாஸி 135 தான் கூட. அதுக்கு இருக்கிறதும் இதே குடும்பத்து எஞ்சின், ஏடி3.152. நீர் எழுதினதிலை எனக்கு ஒயில் நம்பரை விட வேறை ஒரு விசயம் உறுத்துது. "தொட்டால் வழவழப்பே இல்லை" என்றீர். கறுப்பா இருக்கிறது எந்த டீசல் எஞ்சினிலும் வழமை. வழவழப்பு இல்லாமல் போறது வழமை இல்லை. டிப்ஸ்டிக்கிலை அளவு மேல் கோட்டைத் தாண்டி நிக்குதோ எண்டு பாரும். மணந்தும் பாரும். வெள்ளைத் தாளிலை ஒரு சொட்டு விட்டு ஒரு மணித்தியாலம் வைச்சால், டீசல் கலந்திருந்தால் கறுப்புப் புள்ளியைச் சுத்தி மஞ்சளாக ஒரு வளையம் வெளியாலை பரவி நிக்கும்.

பெர்கின்ஸ் புத்தகத்திலை எஞ்சின் சூடாகி முழுச் சுற்றிலை 30 தொடக்கம் 60 பிஎஸ்ஐ எண்டுதான் இருக்கு. 20 குறைவுதான், ஆனால் பேரிங் முடிஞ்சுது எண்டு உடனை முடிவு கட்டாதையும்.

டெல்டா உழவன்:

அண்ணா, இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறேன். மேல் கோட்டுக்கு இரண்டு விரல்கடை மேலே நிற்கிறது. நான் கையால் ஒரு சொட்டும் ஊற்றவில்லை. மணத்தில் டீசல் நன்றாகத் தெரிகிறது. தாளில் விட்டுப் பார்த்தேன், நீங்கள் சொன்ன வளையம் வந்திருக்கிறது. முதலில் ஆயில் அதிகமாக இருப்பது நல்லதுதானே என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். இனி இதை ஓட்டலாமா?

பழைய இரும்பு:

ஓட்ட வேண்டாம். நிறுத்திவிடுங்கள். இந்த நிலையில் கெட்டி ஆயில் ஊற்றுவது காய்ச்சல்காரனுக்குப் போர்வை போர்த்துவதுதான், முள் கொஞ்சம் எழும், உள்ளே பேரிங் டீசலில் ஓடிக்கொண்டிருக்கும். மீட்டர் காட்டுவது ஆயில் போக எவ்வளவு தடை இருக்கிறது என்பதை மட்டும்தான், அது பேரிங்கைக் காப்பாற்றுகிறதா இல்லையா என்று மீட்டருக்குத் தெரியாது. மெக்கானிக்கிடம் இதை மரியாதையாகச் சொல்லுங்கள், அவர் அளவைப் பார்க்காமல் முள்ளை மட்டும் பார்த்திருக்கிறார்.

டீசல் எங்கிருந்து வருகிறது என்பதற்கு மூன்று இடம். ஃபீட் பம்ப் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம், அது எஞ்சின் பக்கவாட்டில் கேம்ஷாஃப்டில் ஓடுகிறது, கிழிந்தால் டீசல் நேராக சம்புக்கு இறங்கும். டீசல் பம்பின் ஷாஃப்ட் சீல் போயிருக்கலாம், அது டைமிங் கேஸ் வழியாக இறங்கும். நாசில் சொட்டிக்கொண்டிருந்தால் எரியாத டீசல் லைனரைக் கழுவிக்கொண்டு கீழே போகும், ஆனால் அப்போது வெள்ளைப் புகையும் ஒரு சிலிண்டர் தட்டலும் இருக்கும், நீங்கள் புகை இல்லை என்கிறீர்கள், நாசிலும் புதிதாகப் பார்த்திருக்கிறீர்கள்.

கருப்புக்கை:

இதில் நான் ஒத்துப்போகிறேன், டீசல் கலந்தால் 40-ம் நிற்காது 50-ம் நிற்காது. கண்டுபிடிக்க ஒரு சுலப வழி. இந்த வண்டியில் டேங்க் எஞ்சினுக்கு மேலே. டேப்பைத் திறந்துவிட்டால் எஞ்சின் ஓடாவிட்டாலும் டீசல் தானாக ஃபீட் பம்ப் வரை இறங்கி நிற்கும். ஆயிலை வடித்து ஏதாவது மலிவான ஆயிலை கோடு வரை ஊற்றி (ஸ்டார்ட் செய்ய வேண்டாம்), டேப்பைத் திறந்து ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் அளவு ஏறியிருந்தால் டயாஃப்ரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஏறாவிட்டால் சீல் மேல்தான் சந்தேகம், சிஏவி ரோட்டரி பம்பைக் கழற்றி பம்ப் கடைக்கு அனுப்ப வேண்டும், பட்டறையில் வைத்துப் பிரிக்க விடாதீர்கள். டயாஃப்ரம் கிட் கிடைக்கும், அவ்வளவு செலவில்லை. பழைய தோல் டயாஃப்ரம் மாதிரி வெட்டிப் போடுகிறேன் என்று யாராவது கிளம்பினால் அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று. இனிமேல் வண்டியை நிறுத்தினால் டேப்பை மூடுங்கள். வருடக்கணக்கில் சும்மா நின்ற வண்டியில் டயாஃப்ரம் காய்ந்து வெடித்திருப்பது சாதாரணம்.

டெல்டா உழவன்:

டயாஃப்ரம்தான். ராத்திரி விட்டுப் பார்த்ததில் ஏறியிருந்தது, கழற்றிப் பார்த்தால் ஓரமாக நீளக் கிழிசல். புதியது போட்டாகிவிட்டது.

அடுத்து சம்ப் கழற்றலாம் என்று இருக்கிறோம். மெக்கானிக் கழற்ற வேண்டாம், டீசல் ஐந்து லிட்டர் ஊற்றி ஐடிலில் ஓடவிட்டு வடித்தால் எல்லாக் கசடும் வந்துவிடும் என்கிறார்.

பழைய இரும்பு:

வேண்டவே வேண்டாம். டீசல் உள்ளே போனதால்தான் இவ்வளவு பாடு, அதையே மருந்தாக ஊற்றி ஓடவிடச் சொல்கிறார். மூலை முடுக்கில் அது தங்கிவிடும், புது ஆயிலோடு கலக்கும். அதைவிட, இளகிய கசடு முழுக்க ஒரே நேரத்தில் ஸ்ட்ரெய்னருக்குப் போகும். சம்பைக் கழற்றுங்கள், கேஸ்கெட் முன்பே வாங்கி வைத்துவிட்டு. ஸ்ட்ரெய்னர் வலையைக் கழற்றி வெளியே வைத்துக் கழுவுங்கள், வெளியே எவ்வளவு டீசல் வேண்டுமானாலும் ஊற்றிக் கழுவிக்கொள்ளலாம். சம்ப் திறந்திருக்கும்போதே ஒரு பேரிங் கேப்பைக் கழற்றி ஷெல்லைப் (உள்ளே இருக்கும் பேரிங் தகடு) பாருங்கள், அடியில் செம்பு நிறம் தெரிந்தால் எல்லாவற்றையும் மாற்றுங்கள். இந்த வேலைக்கு மட்டும் பட்டறைக்காரர் பக்கத்தில் இருக்கட்டும், டைட் வைக்கும் அளவு முக்கியம்.

பில்டர் பழைய பவுல் (கிண்ண) ரகமாக இருந்தால் பில்டர் ஹெட்டில் பள்ளத்துக்குள் ரப்பர் வளையம் இருக்கும். பழையதை ஊசியால் கிளப்பி எடுத்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும். கறுப்பும் கறுப்புமாக ஒட்டிக்கிடப்பதால் தெரியாமல் பழையதன் மேலேயே புதியதைப் போட்டு, ஸ்டார்ட் செய்ததும் ஆயில் முழுக்க வெளியே பீய்ச்சி அடித்த வண்டிகள் உண்டு.

கொள்ளளவு 7 லிட்டர் பக்கம் வரும். எண்ணிக்கையை நம்பி ஊற்றாமல் டிப்ஸ்டிக்கைப் பார்த்து ஊற்றுங்கள். முதல் ஆயிலை நீண்ட நாள் விட வேண்டாம். 25, 30 மணி ஓடியதும் பில்டரோடு மாற்றிவிடுங்கள், மிச்சமிருந்த கசடு அதில் வந்துவிடும். அப்புறம் 100 மணிக்கு ஒருமுறை போதும். புது வண்டிகளுக்குச் சொல்லும் 250 மணிக் கணக்கு இதற்கு வேண்டாம். வருடத்தில் 100 மணி ஓடாவிட்டாலும் வருடம் ஒருமுறை மாற்றுங்கள், மழைக்காலத்தில் கொட்டகையில் நிற்கும் வண்டியில் ஈரம் சேரும்.

வன்னி மசின்காரன்:

ஒண்டு மட்டும் சேர்க்கிறன். ஹைட்ரோலிக்கும் கியர்பொக்ஸும் இந்த மசினிலை ஒரே ஒயிலிலைதான் ஓடும், எஞ்சினோடை அதுக்குச் சம்பந்தம் இல்லை. எஞ்சின் ஒயில் மிச்சம் இருக்கு எண்டு அதுக்குள்ளை ஊத்தாதையும். எஸ்ரிஓயு எண்டு போட்டிருக்கிற ட்ரக்டர் ஒயில் இரண்டுக்கும் எண்டு விக்கிறது, அதை வாங்கினால் மட்டும் ஒரே பீப்பாயாலை சமாளிக்கலாம்.

டெல்டா உழவன்:

எல்லாருக்கும் நன்றி. சம்ப் கழற்றினோம், அடியில் தார் மாதிரி கெட்டியாக ஒரு படலம், வலையில் பாதி அடைப்பு. ஷெல் பரவாயில்லை, கோடு கொஞ்சம் இருக்கிறது, செம்பு தெரியவில்லை, அப்படியே போட்டுவிட்டோம். சிஐ-4 15டபிள்யூ-40 ஊற்றியிருக்கிறேன். மதியம் வரை உழுது பார்த்தேன், சூட்டில் முழு ஆக்சிலேட்டரில் 38 நிற்கிறது, ஐடிலில் 15. மெக்கானிக் மீட்டர் கெட்டுப்போயிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கடைசியாக ஒரு சின்னக் கேள்வி. ஏர் கிளீனர் ஆயில் கிண்ணத்துக்கும் இதே ஆயில்தானா, அல்லது வடித்ததை வடிகட்டி ஊற்றிக்கொள்ளலாமா?

கருப்புக்கை:

இதே ஆயில், புதியது. வடித்ததில் டீசல் இருக்கிறது, எஞ்சின் அதை உறிஞ்சும். கிண்ணத்தில் கோடு போட்டிருக்கும், அதற்கு மேல் ஒரு சொட்டு வேண்டாம். வைக்கோல் ஏற்றும் நாட்களில் தினமும் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள், அடியில் விரல் வைத்தால் மண் தட்டுப்பட்டால் கொட்டிவிட்டு மாற்றுங்கள். கிண்ணத்துக்கு மேலே இருக்கும் கம்பி வலையையும் சீசன் முடிந்ததும் டீசலில் முக்கி எடுத்து, நன்றாகச் சொட்ட விட்டு மாட்டுங்கள்.